ஜெகிலிலிருந்து ஹியூகோவுக்கு: தமிழ் வலைப்பூ எங்கே உடையும், எப்படிச் சரிசெய்வது

ஜெகில், ஹியூகோ இரண்டும், மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையில் எழுதிய கோப்புகளை எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி (பில்ட் செய்து) நிலைத் தளம் உருவாக்கும் கருவிகள். ஜெகிலில் என் வலைப்பூவின் பதிவுகள் 300-க்கு மேல் இருந்தன. ஹியூகோவுக்கு மாற்றியபோது எழுதியதில் ஒரு வரிகூடத் தொலையவில்லை. தொலைந்தவை முகவரிகள், தேதிகள், சில படங்கள். மார்க்டவுன் கோப்பில் நாம் எழுதியது நம் கையில் பத்திரமாக இருக்கிறது. நாம் எழுதாமல் விட்டு ஜெகிலே ஊகித்துக்கொண்டது நிறைய உண்டு: கோப்பின் பெயரிலிருந்து தேதி, பெயரின் மிச்சத்திலிருந்து முகவரி, இடைவெளியை வைத்துக் குறிச்சொற்கள். ஹியூகோ இவற்றை வேறு மாதிரி ஊகிக்கிறது. கீழே இருக்கும் கோளாறுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகின்றன.

உங்கள் திரையில் தெரியும் அறிகுறியைத் தேடி நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். ஆனால் அதற்கு முன் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

எதையும் தொடும் முன்

பழைய தளத்தைக் கடைசியாக ஒருமுறை பில்ட் செய்து, ஜெகில் உருவாக்கும் ஃபோல்டரை முழுதாக வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். அதன் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும் 'சைட்'. ஹியூகோ தன் பங்குக்கு 'பப்ளிக்' என்ற ஃபோல்டரை உருவாக்கும். இரண்டிலும் உள்ள கோப்புகளைப் பட்டியல் எடுத்து ஒப்பிட்டால், எந்த முகவரி காணாமல் போனது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு பட்டியலும் வேண்டும். ஜெகிலில் ஒரு தற்காலிகப் பக்கம் உருவாக்கி, ஒவ்வொரு பதிவின் கோப்புப் பெயரையும் அதன் முகவரியையும் வரிக்கு ஒன்றாக அச்சிடும் சின்ன லூப் எழுதுங்கள். எந்தப் பதிவு எந்த முகவரியில் இருந்தது என்பதற்கு இதைவிட நம்பகமான சாட்சி கிடையாது. ஜெகிலைக் கணினியிலிருந்து நீக்கிய பிறகு இதை எடுக்க முடியாது.

பதிவுகளின் தேதி 1 ஜனவரி 0001 என்று வருகிறது

ஹியூகோவுக்குத் தேதி கிடைக்கவில்லை என்று அர்த்தம். அது கோ மொழியில் எழுதப்பட்ட கருவி; அந்த மொழியில் காலியான தேதியின் மதிப்பு இதுதான். ஜெகில் கோப்புப் பெயரின் முதல் பகுதியான ஆண்டு, மாதம், நாளைப் படித்துக்கொள்ளும். ஹியூகோ நாம் சொன்னால்தான் அப்படிப் படிக்கும்.

கான்ஃபிக் கோப்பில், அதாவது தளத்தின் அமைப்புகள் இருக்கும் கோப்பில், ஃப்ரண்ட் மேட்டர் என்ற பிரிவைத் திறந்து, தேதிக்கான வரிசையில் 'ஃபைல்நேம்' முதலிலும் 'டிஃபால்ட்' அடுத்தும் வருமாறு எழுதுங்கள். தேதி வந்துவிடும். கூடவே, தேதிக்குப் பின்னால் உள்ள பெயரைப் பதிவின் ஸ்லக்காகவும், அதாவது முகவரியில் வரும் பெயராகவும், ஹியூகோ எடுத்துக்கொள்ளும். முகவரிகளுக்கு அது பெரிய உதவி.

இதில் ஒரு குறை உண்டு. கோப்புப் பெயரில் மணி இல்லாததால், ஒரே நாளில் இரண்டு பதிவு எழுதியிருந்தால் அவற்றின் வரிசை மாறலாம். அந்த ஒன்றிரண்டைக் கையால் சரிசெய்யுங்கள்.

தேதி சரியாக வந்து, அச்சாகும் விதம் மட்டும் கோணலாக இருந்தால் டெம்ப்ளேட்டைப் பாருங்கள். ஜெகிலில் விழுக்காட்டுக் குறி போட்டு எழுதிய வடிவம் இங்கே செல்லாது. கோ மொழியில் 2006 ஜனவரி 2, பிற்பகல் 3 மணி 4 நிமிடம் 5 நொடி என்ற ஒரே ஒரு மாதிரித் தேதியை வைத்துத்தான் வடிவத்தைச் சொல்ல வேண்டும். வேறு எந்த ஆண்டைப் போட்டாலும் பொருளில்லாத எண்கள் வரும். மாதப் பெயர் ஆங்கிலத்திலேயே நின்றால், தளத்தின் இயல்பு மொழியைத் தமிழ் என்று கான்ஃபிக்கில் சொல்லுங்கள்.

பதிவு போட்டேன், தளத்தில் இல்லை. ஆனால் பிழைச்செய்தியும் இல்லை

வரைவு என்ற குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லையென்றால், அநேகமாக நேர மண்டலம்தான் காரணம்.

காலை 9 மணிக்கு எழுதி, ஃப்ரண்ட் மேட்டரில், அதாவது பதிவுக் கோப்பின் தலையில் உள்ள விவரப் பகுதியில், 9 மணி என்று மட்டும் போட்டிருப்பீர்கள். மண்டலம் சொல்லப்படாததால் ஹியூகோ அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. உலகப் பொது நேரம் 9 மணி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் பிற்பகல் 2:30. அதுவரை அந்தப் பதிவு எதிர்காலத்தில் இருக்கிறது. எதிர்காலப் பதிவுகளை ஹியூகோ இயல்பாகவே விட்டுவிடும், சத்தமில்லாமல். சிங்கப்பூரிலிருந்து எழுதுபவருக்கு இந்த இடைவெளி 8 மணி நேரம்.

குழப்பம் இதோடு முடிவதில்லை. நிலைத் தளம் தானாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது. 2:30 மணி கடந்தாலும், யாராவது மறுபடி பில்ட் செய்யும்வரை பதிவு வராது. அப்புறம் ஒரு வாரம் கழித்து வேறு பதிவு போடும்போது, பழையதும் சேர்ந்து வந்து நிற்கும். எனக்கு இப்படித்தான் நடந்தது. இரண்டு பதிவுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஒரு மாலை போனது.

கான்ஃபிக்கில் 'டைம்ஜோன்' என்ற அமைப்பில் ஏசியா, சாய்கோடு, கொல்கத்தா என்று கொடுங்கள். இலங்கையில் இருப்பவர்கள் கொழும்பு என்று கொடுக்கலாம். சந்தேகம் வந்தால் 'ஹியூகோ லிஸ்ட் ஃபியூச்சர்' என்ற கட்டளை எதிர்காலத்தில் மாட்டிக்கொண்ட பதிவுகளைக் காட்டும். எதிர்காலப் பதிவுகளையும் பில்ட் செய் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது உண்மையான காரணத்தை மூடிவிடும். நாளைக்கென்று எழுதி வைத்ததும் இன்றே வெளியாகிவிடும்.

பழைய சுட்டிகள் எல்லாம் 404

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். நம் பதிவுக்கு வேறொருவர் தன் பதிவில் சுட்டி கொடுத்திருக்கிறார். ஓர் ஆசிரியர் பாடக்குறிப்பில் சேர்த்திருக்கிறார். அவர்கள் யாரும் திரும்ப வந்து அதைத் திருத்தப்போவதில்லை. புதிய தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தச் சுட்டியை அழுத்துபவருக்கு அது வெறும் பிழைப்பக்கம்தான்.

முகவரி பல இடங்களில் விலகும். ஜெகிலின் இயல்பு முகவரியில் பதிவின் வகை, ஆண்டு, மாதம், நாள், பெயர், கடைசியில் எச்டிஎம்எல் என்ற ஒட்டு எல்லாம் இருக்கும். ஹியூகோவின் இயல்பு முகவரி ஃபோல்டர் பெயரும் கோப்புப் பெயரும் மட்டும், முடிவில் சாய்கோடு. முகவரியின் வடிவத்தைச் சொல்லும் பெர்மாலிங்க் அமைப்பில் ஆண்டு, மாதம், நாளைச் சேர்த்துவிடலாம். ஆனால் பெயருக்கு 'ஸ்லக்' என்று போட்டு, பதிவில் ஸ்லக் எதுவும் இல்லாவிட்டால், ஹியூகோ பதிவின் தலைப்பையே எடுத்து முகவரியாக்கும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே இன்னொரு அடி விழும். யூனிகோடில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் 5 குறியீடு, ஆக 15 பைட். விழுக்காட்டுக் குறிகளோடு முகவரியில் எழுதினால் 45 எழுத்து. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் பெரும்பாலும் 255 பைட்டைத் தாண்ட முடியாது. அதாவது 85 தமிழ்க் குறியீடு. எட்டுப் பத்துச் சொல் கொண்ட தலைப்பு அதைத் தொட்டுவிடும்; 'கோப்பின் பெயர் நீளமாக உள்ளது' என்று பில்ட் நின்றுவிடும்.

பொதுவான ஒரே சூத்திரத்தில் எல்லாப் பழைய முகவரிகளையும் பிடித்துவிட வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வகை இல்லாத பதிவு, இரண்டு வகை உள்ள பதிவு, இடையில் ஒருமுறை நானே வடிவத்தை மாற்றிய பதிவு என்று விதிவிலக்குகள் வந்துகொண்டே இருந்தன. முதலில் எடுத்து வைத்த பட்டியல் இங்கேதான் கைகொடுக்கும். ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, ஒவ்வொரு பழைய பதிவின் ஃப்ரண்ட் மேட்டரிலும் 'யூஆர்எல்' என்ற வரியைச் சேர்த்து, பழைய முகவரியை எழுத்து பிசகாமல் போட்டுவிடுங்கள். பட்டியலில் முகவரி விழுக்காட்டுக் குறிகளோடு வந்திருந்தால், அதைத் தமிழ் எழுத்தாக மாற்றிய பிறகு போடுங்கள். பெர்மாலிங்க் அமைப்பு இனி எழுதப்போகும் பதிவுகளுக்கு மட்டும்.

முகவரியை மாற்றியே தீர வேண்டுமென்றால் 'ஏலியசஸ்' என்ற வரியில் பழையதைக் குறிப்பிடலாம். ஹியூகோ பழைய இடத்தில் ஒரு சின்னப் பக்கம் வைத்து, உலாவியைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடும். அது சர்வர் தரும் 301 என்ற நிரந்தரத் திருப்பம் அல்ல. தளத்தை ஏற்றிவைக்கும் சேவைகளில் நெட்லிஃபை, கிளவுட்ஃபிளேர் பேஜஸ் இரண்டிலும் திருப்பங்களுக்கென்று தனிக் கோப்பு வைக்க முடியும். கிட்ஹப் பேஜஸில் அந்த வசதி இல்லாததால் ஏலியஸ்தான் வழி.

என் கணினியில் திறக்கிறது, சர்வரில் மட்டும் 404

கோப்புப் பெயரோ படத்தின் பெயரோ தமிழில் இருந்து, அதில் ஒகரம், ஓகாரம், ஔகாரம் வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். 'கோ' என்பதைக் கணினி இரண்டு விதமாக எழுதி வைக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி சேர்ந்து 2 குறியீடாக; அல்லது ககரம், இரட்டைக்கொம்பு, கால் என்று 3 குறியீடாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக் கணினியின் கோப்பு முறைமையும் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். லினக்ஸ் சர்வருக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

பழைய மேக்கிலிருந்து பென்டிரைவ் வழியாகவோ ஜிப் கோப்பாகவோ வந்த ஃபோல்டர்களில் பிரித்து எழுதிய வடிவம் அதிகம் இருக்கும். பதிவுக்குள் நீங்கள் தட்டச்சு செய்த சுட்டியோ சேர்த்து எழுதியதாக இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு, அதாவது என்எஃப்சி என்ற வடிவத்துக்கு, மாற்றிவிடுங்கள். கோப்புப் பெயர்களுக்கு லினக்ஸில் 'கன்வ்எம்வி' என்ற கருவி இருக்கிறது. பதிவுகளின் உள்ளடக்கத்துக்குப் பைத்தானில் பத்து வரி போதும்.

கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவியான கிட்டில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் 340, 256 என்று எண்களாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெயர் கெடவில்லை, காட்டும் விதம்தான் அப்படி. 'கோர் கோட்பாத்' என்ற அமைப்பை அணைத்துவிட்டால் தமிழாகத் தெரியும்.

ஒரே குறிச்சொல் இரண்டு தடவை வருகிறது

மேலே சொன்ன அதே நோய் குறிச்சொற்களையும் தாக்கும். இங்கே கூடுதலாக இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, 'ஸ்ரீ'. 2005-இல் யூனிகோடில் ஶகரம் சேர்க்கப்பட்ட பிறகு இதை ஸகரத்தாலும் எழுதலாம், ஶகரத்தாலும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஸ்ரீரங்கம் பற்றி எழுதிய என் பதிவுகள் இப்படி இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடந்தன. மற்றொன்று, 'ரிக்‌ஷா' போன்ற சொற்களில் க், ஷ இரண்டும் ஒட்டாமல் இருக்கச் சில விசைப்பலகைகள் நடுவில் போடும் கண்ணுக்குத் தெரியாத குறி. என்எஃப்சி மாற்றம் இவை இரண்டையும் சரிசெய்யாது. தேடித்தான் மாற்ற வேண்டும்.

மூன்று குறிச்சொற்கள் சேர்ந்து ஒரே நீளமான குறிச்சொல்லாக வந்தால் காரணம் வேறு. ஜெகில் ஒரே வரியில் இடைவெளி விட்டு எழுதியதைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளும், ஹியூகோ பிரிக்காது. சதுர அடைப்புக்குள் பட்டியலாக எழுதுங்கள். 'கேட்டகரி' என்று ஒருமையில் எழுதியிருந்தால் அதைப் பன்மையாக்குங்கள். ஹியூகோ பன்மையை மட்டுமே இயல்பாகக் கண்டுகொள்ளும்.

ஒரு படமும் வரவில்லை

ஜெகிலின் 'அசெட்ஸ்' ஃபோல்டரை அதே பெயரில் ஹியூகோவின் மேல்மட்டத்தில் வைத்திருப்பீர்கள். ஹியூகோவில் அந்தப் பெயருக்கு வேறு வேலை. அதில் உள்ளவை தாமாக வெளியாகாது. 'ஸ்டாட்டிக்' ஃபோல்டருக்குள் 'அசெட்ஸை' வையுங்கள். பழைய பட முகவரிகள் அப்படியே வேலை செய்யும்.

பதிவின் நடுவே அடைப்புக்குறிகளும் விழுக்காட்டுக் குறிகளும் தெரிகின்றன

`{%` என்றோ `{{` என்றோ தொடங்குபவை ஜெகிலின் லிக்விட் கட்டளைகள். ஹியூகோ பதிவுக்குள் டெம்ப்ளேட் கட்டளைகளை ஓட்டாது. தளத்தின் முகவரியைச் சேர்க்கும் லிக்விட் துண்டுகளை மொத்தமாகத் தேடி நீக்கிவிட்டாலே பெரும்பகுதி தீரும். நிரல் துண்டுகளைச் சுற்றிப் போட்டவற்றை மூன்று பின்சாய்ந்த மேற்கோள் குறிகளாக மாற்றுங்கள்.

பத்திக்குக் கீழே `{:` என்று தொடங்கும் வரி தெரிந்தால், அது கிராம்டவுனுக்கே உரிய எழுத்துமுறை. மார்க்டவுனை எச்டிஎம்எல்லாக மாற்ற ஜெகில் கிராம்டவுனைப் பயன்படுத்துகிறது. ஹியூகோ 2019-இல் வந்த 0.60 பதிப்பிலிருந்து கோல்ட்மார்க்கை இயல்பாகப் பயன்படுத்துகிறது. அடுத்த மூன்று கோளாறுகளுக்கும் இந்த மாற்றம்தான் வேர்.

காணொளி இருந்த இடம் காலியாக இருக்கிறது

பக்கத்தின் மூலத்தைத் திறந்தால், எச்டிஎம்எல் விடப்பட்டது என்று ஒரு குறிப்பு இருக்கும். மார்க்டவுனுக்குள் நேரடியாக எழுதிய எச்டிஎம்எல்லை கோல்ட்மார்க் நீக்கிவிடுகிறது. கான்ஃபிக்கில் 'அன்சேஃப்' என்ற அமைப்பை இயக்கினால் வந்துவிடும். பெயர் மிரட்டினாலும், எழுதுபவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் அதில் ஆபத்து இல்லை. யூடியூபுக்கு ஹியூகோவிலேயே ஷார்ட்கோட், அதாவது பதிவுக்குள் போடும் குறுங்கட்டளை, இருக்கிறது. இனி எழுதும் பதிவுகளுக்கு அதைப் பயன்படுத்தலாம்.

தடித்த எழுத்துக்குப் பதில் நட்சத்திரங்கள் தெரிகின்றன

`**"அறம்"**என்ற` என்று எழுதியிருப்பீர்கள். கோல்ட்மார்க் பின்பற்றும் விதியில், மூடும் நட்சத்திரங்களுக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் இடைவெளியில்லாமல் எழுத்தும் வந்தால், அது மூடுவதாகக் கணக்கில்லை. மேற்கோளுக்குப் பின்னால் உருபையும் சொல்லையும் ஒட்டி எழுதும் நமக்கு இது அடிக்கடி நேரும். மேற்கோள் குறியை வெளியே கொண்டுவாருங்கள்: `"**அறம்**"என்ற`. சரியாகிவிடும். நல்ல வேளையாக இவற்றைக் கண்டுபிடிப்பது எளிது: 'பப்ளிக்' ஃபோல்டரில் இரட்டை நட்சத்திரத்தைத் தேடினால் போதும்.

கவிதையின் அடிகள் ஒட்டிக்கொண்டன

குறள் வெண்பாவுக்கு முதலடியில் 4 சீர், இரண்டாமடியில் 3 சீர். ஏழும் ஒரே வரியில் ஓடினால் அதன் உருவமே போய்விடுகிறது. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

மார்க்டவுனில் வெறும் வரிமாற்றம் இடைவெளியாகத்தான் கொள்ளப்படும். வரியின் கடைசியில் இரண்டு இடைவெளி விட்டு அடி பிரித்திருந்தால், கோப்பைத் திறந்து சேமித்தபோது எடிட்டர் அந்த இடைவெளிகளைத் துடைத்திருக்கலாம். அந்த வசதியை எடிட்டரில் முதலில் அணையுங்கள். வரிக் கடைசியில் ஒரு பின்சாய்கோடு தெரிகிறதென்றால், கிராம்டவுன் முறையில் `\\` என்று இரண்டு போட்டிருக்கிறீர்கள். கோல்ட்மார்க்குக்கு ஒன்றே போதும்.

ஒவ்வொரு வரிமாற்றத்தையும் மதிக்கச் சொல்லும் 'ஹார்ட்ராப்ஸ்' அமைப்பும் உண்டு. கவிதை மட்டுமே எழுதுபவர்கள் அதை இயக்கலாம். உரைநடையைக் கோப்பில் வரி வரியாக மடித்து எழுதும் பழக்கம் இருந்தால் வேண்டாம். கட்டுரை முழுதும் கவிதை போல் உடைந்துவிடும்.

முதல் எழுத்து உடைந்து புள்ளிவட்டம் தெரிகிறது, மேல்விலங்கு வெட்டுப்படுகிறது

இது தீமின், அதாவது தளத்தின் தோற்றத்தை முடிவுசெய்யும் வார்ப்பின், கோளாறு. பெரும்பாலான தீம்கள் லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தீம்களில் 'கொ' போன்ற எழுத்து உடையலாம். அந்த அலங்காரத்தை எடுத்துவிடுங்கள். எழுத்திடைவெளி சேர்க்கும் சிஎஸ்எஸ் வரியைச் சுழியமாக்குங்கள். வரி உயரம் 1.2 என்று இருந்தால் 1.7-க்குக் கொண்டுபோங்கள், வாசிக்கவும் இதமாக இருக்கும். சொல்லை எங்கு வேண்டுமானாலும் உடைக்கச் சொல்லும் வரி இருந்தால் அதுவும் போகட்டும்.

சர்வரில் வெள்ளைப் பக்கம், அல்லது அலங்காரமில்லாத வெறும் எழுத்து

வெள்ளைப் பக்கம் என்றால் தீம் ஃபோல்டர் சர்வரில் காலியாக இருக்கிறது. தீமை கிட் சப்மாடியூலாக, அதாவது வேறொரு களஞ்சியத்துக்கான இணைப்பாக, சேர்த்திருந்தால், பில்ட் தொடங்கும்போது சப்மாடியூல்களையும் இறக்கச் சொல்ல வேண்டும். பில்ட் பதிவில் லேஅவுட் கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கை இருந்தால் இதுவேதான்.

வெறும் எழுத்து மட்டும் வந்தால் 'பேஸ் யூஆர்எல்' தவறு. தளம் ஒரு துணை ஃபோல்டரில் இருந்தால் அதன் பெயரும் கடைசிச் சாய்கோடும் அதில் இருக்க வேண்டும். பில்ட் பாதியில் நின்று சாஸ் கோப்பைப் பற்றி (சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் அலங்காரக் கோப்பு) குறைப்பட்டால், சர்வரில் ஹியூகோவின் 'எக்ஸ்டெண்டட்' பதிப்பு இல்லை. உங்கள் கணினியில் உள்ள பதிப்பு எண்ணையே சர்வரிலும் குறிப்பிட்டு நிறுத்துங்கள்.

எல்லாப் பதிவும் 'இன்று திருத்தப்பட்டது' என்று காட்டினால், சர்வர் கிட் வரலாற்றின் கடைசிப் படியை மட்டும் இறக்கியிருக்கிறது. முழு வரலாற்றையும் இறக்கச் சொல்லுங்கள்.

ஓடையில் வாசிப்பவர்களுக்குப் புதிய பதிவு போகவில்லை, அல்லது பழையவை எல்லாம் கொட்டின

புதிய பதிவுகளை வாசிப்புச் செயலிகளுக்குச் சொல்லும் கோப்புதான் ஓடை. ஜெகிலின் ஓடைச் செருகி 'ஃபீட்' என்ற பெயரில் எக்ஸ்எம்எல் கோப்பு தரும். ஹியூகோ தருவது 'இண்டெக்ஸ்' என்ற பெயரில். பழைய முகவரியைக் கேட்டுக்கொண்டிருக்கும் வாசிப்புச் செயலிகளுக்கு 404 மட்டும் கிடைக்கும். வாசகருக்கோ எதுவும் தெரியாது. நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார். ஹியூகோவின் அவுட்புட் ஃபார்மட்டில் ஓடையின் அடிப்பெயரை 'ஃபீட்' என்று மாற்றினால் போதும். ஓடையின் வடிவம் பழையதில் ஆட்டம், புதியதில் ஆர்எஸ்எஸ். செயலிகள் இரண்டையும் படிக்கும்.

ஆனால் மாற்றிய உடனே வெளியிட்டுவிடாதீர்கள். ஜெகில் செருகி இயல்பாக 10 பதிவுகளைத்தான் ஓடையில் வைக்கும். ஹியூகோவுக்கு இயல்பாக வரம்பே இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஓடையில் ஓர் அடையாளம் உண்டு. அது இரண்டு கருவிகளிலும் வேறுவேறு. ஆகவே வாசிப்புச் செயலி எல்லாவற்றையும் புதிய பதிவு என்றே எடுத்துக்கொள்ளும். 300 பதிவுகள் ஒரே காலையில் ஒருவர் பெட்டியில் விழும்.

ஆர்எஸ்எஸ் வரம்பை 10 ஆக்குங்கள். அதோடு ஓடையின் டெம்ப்ளேட்டை உங்கள் ஃபோல்டருக்கு நகலெடுத்து, தளம் மாறிய தேதிக்குப் பின் எழுதிய பதிவுகள் மட்டும் வருமாறு ஒரு நிபந்தனை சேருங்கள். அதே டெம்ப்ளேட்டில் சுருக்கம் இருக்கும் இடத்தில் முழு உள்ளடக்கத்தையும் போட்டுவிடலாம், ஏனென்றால் ஹியூகோ இயல்பாகச் சுருக்கத்தை மட்டுமே அனுப்புகிறது. வெளியிட்ட மறுநாள், ஓடையில் வாசிக்கும் ஒரு நண்பரிடம் அவர் செயலியில் என்ன தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள்.